சீதன வீட்டுக்குள் அடி: மூன்று தலைமுறைப் பெண்கள் எடுத்த வழிகளும் இன்று செய்ய வேண்டியவையும்

கிழக்கிலங்கையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரையான கரையோரத் தமிழ், முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் பேசும்போதே வீடும் வளவும் சீதனமாகப் பேசப்படும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தாய் தகப்பன் பின்வளவில் சின்னதாக ஒரு வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள், அல்லது அடுத்த மகளுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்குவார்கள். குடும்ப வன்முறைக்கு வெளியிடங்களில் எழுதப்படும் ஆலோசனைகள் பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியேறுவது எப்படி என்றுதான் தொடங்கும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அது பல வேளை பிழையான தொடக்கம். உயிருக்கு ஆபத்தான ஒரு இரவில் ஓடத்தான் வேண்டும். ஆனால் விடிந்த பிறகு கேட்க வேண்டியது வேறு: வந்து குடியிருக்கிற ஆளை வெளியே நிறுத்துவது எப்படி?

அம்மம்மா ஏன் பொறுத்தாள், அம்மா ஏன் முறைப்பாட்டை வாபஸ் வாங்கினாள், மகள் ஏன் முதல் அடிக்கே போனைத் தூக்கினாள் என்பதற்குத் துணிவையும் கோழைத்தனத்தையும் காரணமாகச் சொல்வது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அந்தக் காலத்தில் தன் கைக்கு எட்டியதை எடுத்தது. ஒரு தலைமுறையின் வழியை, அதைத் தாங்கிய ஆட்களும் கடதாசிகளும் இல்லாத இன்னொரு தலைமுறையின் தலையில் கட்டும்போதுதான் சிக்கல் வருகிறது.

அம்மம்மாவின் வழி

இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள் "நாங்க பொறுத்தம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். கிளறிக் கேட்டால் அது வெறும் பொறுமை இல்லை என்பது தெரியும். தாயும் தாயின் சகோதரிகளும் ஒட்டியொட்டி வளவு வைத்திருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்தில் சின்னம்மா விளக்கோடு வருவார். காலையில் தாய்மாமன் வந்து திண்ணையில் உட்கார்வார். அதற்கும் அடங்காவிட்டால் குடி என்ற தாய்வழிக் குலத்தின் பெரியவர்கள், கோயிலை நடத்தும் வண்ணக்கர். முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசலை நடத்தும் மரைக்காயர். கண்ணகி அம்மன் முன்னால் சத்தியம் வாங்குவார்கள். பெண்ணின் சொந்தத்துக்கு நடுவில் தனி ஆளாக இருக்கும் மருமகனுக்கு அந்தப் பயம் இருந்தது.

இந்த முறைக்குச் செலவில்லை. நடுச்சாமத்திலும் வேலை செய்யும். பொலிஸ் வருவதற்கு முன்பே ஆள் வரும். இவற்றைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அது சத்தத்துக்குத்தான் வந்தது. சத்தமில்லாத கொடுமை, கட்டாயப்படுத்திய உறவு, காசைப் பறித்துக்கொள்வது, நாள்தோறும் கேவலப்படுத்துவது எதுவும் திண்ணைக்கு வரவில்லை. விசாரித்தவர்களின் நோக்கமும் அவளைக் காப்பது என்பதைவிடக் குடும்பம் உடையாமல் பார்ப்பதாகவே இருந்தது. எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. பத்தாவது சத்தியமும் முதலாவது சத்தியம் போலவே கேட்கப்பட்டது.

அந்தத் தலைமுறை செய்துவைத்த சில வேலைகள் இன்றைக்கும் அப்படியே எடுக்கக்கூடியவை. நகையைச் சகோதரியிடம் கொடுத்து வைத்தார்கள். சம்பளநாள் இரவில் வீட்டில் ஒரு மாமியையோ வளர்ந்த பிள்ளையையோ படுக்க வைத்தார்கள். குசினியில் நின்று சண்டையை வளர்க்காமல் முற்றத்துக்கு வந்து பேசினார்கள். கத்தி, உலக்கை, அடுப்பு உள்ள இடத்தில் வாக்குவாதம் நடக்கக்கூடாது, பின்கதவு பூட்டியிருக்கக்கூடாது என்று இன்று பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

அந்த வேலி யுத்தத்தில், 1990 இல் அறுந்தது. அந்த ஆண்டும் அதற்குப் பிறகும் ஆண்கள் காணாமல் போனார்கள். திண்ணைக்கு வரத் தாய்மாமன் இல்லை. முகாம்களில் குடி முறைப்படி யாரும் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையில் இருந்தவர்களைத் திராய்மடு போன்ற புதுக் குடியேற்றங்களில் வரிசை வீடுகளில் வைத்தபோது, அக்கா ஒரு திட்டத்தில், தங்கச்சி இன்னொரு திட்டத்தில். பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாத இடத்தில் "மாமாவைக் கூப்பிடு" என்ற அறிவுரைக்கு என்ன பெறுமதி?

அம்மாவின் தலைமுறை: கடதாசியில் விழுந்த முடிச்சு

யுத்தத்துக்குள் வளர்ந்த பெண்களில் பலருக்குப் பதினைந்து, பதினாறில் கலியாணம் நடந்தது. கட்டிக்கொடுத்துவிட்டால் இயக்கத்துக்கு (விடுதலைப் புலிகளுக்கு) ஆள் பிடிக்க மாட்டார்கள் என்பது பெற்றோரின் கணக்கு. 1995 இல் பொதுச் சட்டத்தில் திருமண வயது பதினெட்டாகிவிட்டதால் அந்தக் கலியாணங்களைப் பதியவும் முடியவில்லை. பிறகு பதிவோம் என்று விட்டது பலருக்குப் பதியப்படாமலே போனது. பொலிசுக்குப் போகலாமா என்று கேட்டால் இந்த வயதுப் பெண்களிடம் முதலில் வரும் பதில், "எழுத்து எழுதல்லயே, எங்கட சொல்லு எடுபடுமா?" என்பதுதான்.

எடுபடும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன், முன்னாள் கணவன் ஆகியோரோடு கூடி வாழும் துணையையும் சேர்த்தே பேசுகிறது. பாதுகாப்புக் கட்டளை (அடிப்பவரை விலகி நிற்கச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு) கேட்க விவாகச் சான்றிதழ் தேவையில்லை. ஒரே வீட்டில் வாழ்ந்ததைக் காட்டினால் போதும்: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர், வாக்காளர் இடாப்பு, கிராம சேவகரின் கடிதம். தாபரிப்பு, அதாவது வாழ்க்கைச் செலவுக் காசு, வேறு கதை. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில் பிள்ளைக்குக் கேட்பதற்குப் பெற்றோரின் கலியாணப் பதிவு தேவையில்லை. மனைவியாகத் தனக்குக் கேட்பவர் கலியாணம் நடந்ததை நிறுவ வேண்டும். முஸ்லிம் பெண்கள் தாபரிப்பையும் விவாகரத்தையும் காதி நீதிமன்றத்தில்தான் கேட்கலாம். அடிக்கு எதிரான பாதுகாப்புக் கட்டளையைக் காதியால் கொடுக்க முடியாது. அதற்கு எல்லோருக்கும் போல நீதவான் நீதிமன்றம்தான். காதியிடம் வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் நீதவானிடம் மனுக் கொடுக்கலாம். காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் "ஒரு இடத்துக்குத்தான் போகலாம்" என்று பெண்களைத் திருப்பி அனுப்புபவர்களுக்கும் இது தெரிய வேண்டும்.

இரண்டாவது முடிச்சு வீட்டு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம். சுனாமிக்குப் பிறகு கொடுத்த வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆணுக்கு எழுதப்பட்டன. சீதன வீட்டைக் கடல் கொண்டுபோனது; அரசாங்கம் திருப்பிக் கொடுத்தது அவருடைய பெயரில். வழக்கத்தால் அவளுடையதாக இருந்த வீடு கடதாசியால் அவருடையதானது. அரச காணி பகிர்ந்த காணிக் கச்சேரியில் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியிலும் இதே சிக்கல். 2022 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் திருத்தப்படும்வரை பின்னுரித்தில் (வாரிசு வரிசையில்) ஆண்பிள்ளைக்கே முந்துரிமை இருந்தது.

ஆகவே அடி விழுந்த பிறகு தேடாமல், அமைதியான ஒரு நாளில் உறுதியைப் பார்த்துவிடுவது நல்லது. நன்கொடை உறுதியில் பெயர் யாருக்கு, தாய்க்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரையான உரிமை) வைக்கப்பட்டிருக்கிறதா, எங்காவது ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா? உறுதி இலக்கத்தையும் திகதியையும் கொண்டு காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி எடுத்தால் தெரிந்துவிடும். உறுதி உங்கள் பெயரில் இருந்தால் விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் கையெழுத்து வேண்டியதில்லை. தேசவழமை யாழ்ப்பாணத்துத் தமிழருக்குரிய சட்டம். அது இங்கே பொருந்தாது. "புருசன் கையெழுத்து இல்லாம செல்லாது" என்று சொல்லி வெற்றுத்தாளில் இருவரிடமும் கையெழுத்து வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள், கவனம். இன்று மகளுக்குச் சீதனம் எழுதுகிறவர்கள் உறுதியை மகளின் தனிப்பெயரில் எழுதி, தங்களுக்குச் சீவிய உரித்தை வைத்து, மூலப்பிரதியைச் சீதன வீட்டு அலுமாரியில் வைக்காமல் வேறிடத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை முளையிலேயே நின்றுவிடும். உறுதி உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் பயந்து ஒதுங்க வேண்டாம். பாதுகாப்புக் கட்டளை, இருவரும் வாழ்ந்த வீட்டுக்குள் அவர் நுழைவதைத் தடுக்கலாம். சொத்து யாருடையது என்ற தீர்ப்பு அது அல்ல.

மூன்றாவது, கடன். குழுக்கடனுக்குக் கையெழுத்து அவளுடையது, செலவழித்தது அவர், கிழமைக் கிழமை வாசலில் நிற்கிற கடன்காரருக்குப் பதில் சொல்வது மீண்டும் அவள். அடிக்கு அடுத்தநாள் கடன் தவணை என்றால் அவள் பொலிசுக்குப் போகமாட்டாள். கடன் புத்தகங்களை ஒரு தாளில் எழுதி, எது யார் பெயரில், எவ்வளவு மீதி என்று தெரிந்துகொள்வதும் பாதுகாப்பு வேலைதான். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும காசு யாருடைய கணக்கில் விழுகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

இந்தத் தலைமுறையில் பலர் மத்திய கிழக்குக்குப் போனதும் ஒரு வகையில் அடியிலிருந்து தப்பும் வழிதான். இரண்டு வருட ஒப்பந்தம், இரண்டு வருட மூச்சு. அந்தக் காலத்தில் காசை அவருடைய கணக்குக்கு அனுப்பியவர்கள் திரும்பி வந்தபோது கையில் எதுவும் இருக்கவில்லை. தன் பெயரில் ஒரு கணக்கு, பிள்ளைகளுக்காகத் தாயின் பெயரில் இன்னொரு கணக்கு வைத்திருந்தவர்களுக்குத் திரும்பி வந்து சொல்ல ஒரு சொல் இருந்தது.

மகளின் தலைமுறை

இவர்களுக்குச் சட்டம் இருப்பது தெரியும். பாடசாலையில் கேட்டிருப்பார்கள், போனில் பார்த்திருப்பார்கள். முதல் அறைக்கே பொலிசின் 119 ஐ அழைப்பவர்களும் உண்டு. தாய்மாருக்கு இது அவசரமாகத் தெரிகிறது. எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. 2019 இல் தொகைமதிப்புத் திணைக்களம் நடத்திய பெண்களின் நல்வாழ்வு அளவீட்டில், துணையோடு வாழ்ந்த இலங்கைப் பெண்களில் 20.4 சதவீதத்தினர் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் ஒருமுறையாவது அனுபவித்திருந்தார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கு நடப்பதை முதல் நாளிலேயே பதிந்து வைப்பது அவசரமாகாது.

பிழை வேறு இடத்தில் நடக்கிறது. ஆயத்தமில்லாமல் போகிறார்கள். பொலிசில் "இனிமேல் அடிக்கமாட்டேன்" என்று அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். இருவரையும் ஒரே ஓட்டோவில் வீட்டுக்கு அனுப்புவார்கள். அன்றிரவு அடி இன்னும் கூடும். மூன்றாம் நாள் மாமியார் வருவார். பிறகு முறைப்பாடு வாபஸ். அடுத்த முறை அவள் போகும்போது, "நீங்க இப்பிடித்தான், நாளைக்குச் சேந்திடுவீங்க" என்று சொல்வார்கள். காதல் கலியாணம் என்றால் இன்னொன்றும் சேரும்: "நீயாத் தேடினது, நீயே பாத்துக்க." சொந்தம் கைகழுவிய பெண் தனிய நிற்பது கணவருக்கும் தெரியும். இந்த ஒரு வாக்கியம் செய்கிற கேட்டைச் சொல்லி முடியாது.

இன்னொரு பிழை, காயத்தின் படத்தை முகநூலில் போடுவது. கோபம் நியாயமானது. ஆனால் அது வழக்கைப் பலவீனமாக்கும், பிள்ளைகளின் பாடசாலைக்குப் போய்ச் சேரும், அவரையும் மூர்க்கமாக்கும். படத்தை ஆதாரமாக வைத்திருங்கள். முதலில் முகமும் காயமும் ஒன்றாகத் தெரிய ஒரு படம், பிறகு கிட்டத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியோ அடிமட்டமோ வைத்து இன்னொன்று. கண்டல் முதல் நாளில் சரியாகத் தெரியாது. இரண்டாம் மூன்றாம் நாளில்தான் நிறம் ஏறும். அந்த நாட்களிலும் எடுக்க வேண்டும். அழகுபடுத்தும் செயலிகளால் எடுக்கக்கூடாது. வட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தின் தரம் குறையும், எடுத்த நேரம் முதலான விபரங்களும் போய்விடும். ஆகவே மூலப்படம் போனிலேயே இருக்கட்டும், ஒரு பிரதியை மின்னஞ்சலில் சேமியுங்கள். மிரட்டல் குரல்பதிவுகளையும் செய்திகளையும் அழிக்காதீர்கள். அந்தப் போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். அவருக்குக் கடவுச்சொல் தெரிந்த போனிலிருந்து உதவி தேடவும் வேண்டாம். தங்கச்சியின் போன், அயல் வீட்டு அக்காவின் போன் எதுவானாலும் சரி. நீங்கள் இருக்கும் இடத்தை அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கும் பகிர்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஆபத்தான நேரத்தில் அதைத் திடீரென்று நிறுத்தினால் அவருக்குச் சந்தேகம் வரும். பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு நிறுத்துங்கள்.

பொலிஸ், வைத்தியசாலை, நீதிமன்றம்

பொலிசுக்குப் போகுமுன் ஒரு தாளில் மூன்று சம்பவங்களை எழுதுங்கள்: முதலாவது, மிக மோசமானது, கடைசியாக நடந்தது. திகதி நினைவில்லாவிட்டால் "மகனுக்கு ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை நடந்த கிழமை", "சடங்கு நடந்த நாள்" என்று எழுதினாலும் பயன்படும். பதற்றத்தில் பேசும்போது கடைசிச் சம்பவம் மட்டும்தான் வாயில் வரும், எழுதுபவரும் அதை மட்டும் எழுதி ஒரு சின்னச் சச்சரவாக முடித்துவிடுவார். சிறுவர் மகளிர் பிரிவைக் கேளுங்கள். வாக்குமூலத்தை உங்கள் மொழியில் எழுதக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அம்பாறையின் உட்பகுதி நிலையங்களில் சிங்களத்தில் எழுதிவிட்டு ஒப்பமிடச் சொன்னால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை ஒப்பமிட வேண்டாம். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். "எச்சரிச்சு விட்டாப் போதும்" என்று நீங்கள் நினைத்தாலும் இலக்கம் வேண்டும். நாளை நீதிமன்றத்தில் இது முதல் தடவை அல்ல என்று சொல்லப்போவது அந்த இலக்கம்தான்.

காயம் இருந்தால் மருத்துவ சட்டப் பரிசோதனைப் படிவம் கேட்டு வாங்கி, சட்ட வைத்திய அதிகாரி உள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். நேரே வைத்தியசாலைக்குப் போனாலும் பரவாயில்லை. அங்குள்ள பொலிஸ் காவலிடம் பதிவாகும். மூத்த தலைமுறைக்கு இங்கே ஒரு பழக்கம் உண்டு: "கிணத்தடியில வழுக்கிட்டன்." வைத்தியர் அதையே எழுதுவார். ஒரு வருடத்துக்குப் பிறகு கணவருடைய சட்டத்தரணி அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டுவார். வழக்குப் போடும் எண்ணம் இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பெரிய அரச வைத்தியசாலைகளில் இதற்கென்றே நட்பு நிலையம் என்ற பிரிவு இருக்கிறது, தனியறையில் பேசலாம்.

கழுத்தை நெரித்திருந்தால் வெளியில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். குரல் கரகரப்பது, விழுங்க நோவது, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், தலைச்சுற்று எல்லாம் உள்ளே வீக்கம் வருவதற்கான அறிகுறிகள். மூச்சுத் திணறல் மணித்தியாலங்கள் கழித்தும் வரலாம். 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஒருமுறை கழுத்தில் கைவைத்தவர் அடுத்த முறை கொல்லக்கூடும் என்று எடுத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும். இதில் எங்களுக்கு இரண்டு கருத்தில்லை.

பாதுகாப்புக் கட்டளைக்கு மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் வாழும் இடம், அவர் வாழும் இடம், சம்பவம் நடந்த இடம் இவற்றில் எதற்குரிய நீதவான் நீதிமன்றத்திலும் மனுக் கொடுக்கலாம். மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று எல்லாவற்றிலும் நீதிமன்றம் இருப்பதால், ஊருக்குள் முகம் காட்டத் தயங்குபவர் தாய் வீட்டுக்கோ சகோதரி வீட்டுக்கோ வந்து தங்கி அங்கிருந்தும் கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் தானே கொடுக்கலாம், அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் கொடுக்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1990 களிலிருந்து இந்த வேலையில் நிற்கிறது. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். தொலைபேசியில் பேச 1938. பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1929.

மனுவில் பெண்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்று: "அடிக்காம இருக்கச் சொல்லுங்க." அது போதாது. சட்டம் கொடுப்பதைக் கணக்காகக் கேட்க வேண்டும். வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் வரக்கூடாது, பின்தொடரக்கூடாது, தொலைபேசியில் தொல்லை கொடுக்கக்கூடாது, சேர்ந்து வாழ்ந்த வீட்டை விற்கவோ கைமாற்றவோ கூடாது, ஆயுதம் இருந்தால் பொலிஸ் கைப்பற்ற வேண்டும், வீட்டில் விட்டுவந்த அடையாள அட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் எடுக்கப் பொலிஸ் கூட வர வேண்டும், அவசரச் செலவுக்குக் காசு கொடுக்க வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தானாக நினைத்துப் போட்டுத்தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

அவசரம் என்று நீதவானுக்குத் தெரிந்தால் இடைக்காலக் கட்டளை உடனே வரும். மனுவிலிருந்து 14 நாட்களுக்குள் விசாரணைத் திகதி. முழுக் கட்டளை 12 மாதங்கள் வரை நிற்கும். அம்மாவின் தலைமுறையை இழுத்துப் பிடிப்பது "அவர மறியலுக்கு அனுப்பிட்டாள் என்டு ஊர் சொல்லும்" என்ற பயம். கட்டளை அவரைச் சிறைக்கு அனுப்புவதில்லை. அது ஒரு எல்லைக்கோடு. மீறினால்தான் குற்றம்: ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். தாய்மாரிடம் இதை இப்படி விளங்கப்படுத்தினால், மகளோடு நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் பலர்.

அடிப்பது கணவன் மட்டும் என்றும் இல்லை. பின்வளவுச் சின்ன வீட்டில் இருக்கும் அம்மம்மாவைக் காசுக்காகத் தள்ளிவிழுத்தும் மகனோ பேரனோ இதே சட்டத்துக்குள் வருகிறார்கள். அம்மம்மாவும் மனுக் கொடுக்கலாம். இது பலருக்குத் தெரியாது.

தாயும் பெரியம்மாவும் பேச வேண்டிய விதம்

"ஆம்பிள எண்டா அப்பிடித்தான் கா, பொறுத்துப் போ" என்று சொல்லும் தாய்க்கு மகள்மீது அன்பில்லை என்று நினைக்க வேண்டாம். அவளுக்குக் கைகொடுத்த வழியை நீட்டுகிறாள். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு மகள் திரும்பிப் பேசமாட்டாள், அடுத்த அடி தாய்க்குத் தெரியவராது. அதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் போதும்: இப்ப எங்க நோகுது? பிள்ளைகள் எங்க? இண்டைக்கு ராவு எங்க படுக்கப் போறாய்? தீர்ப்பும் அறிவுரையும் பிறகு.

மகள் திரும்பிப் போவாள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றுக்குப் பல தடவை போவாள். "இனி என்ட வாசலுக்கு வராத" என்று அப்போது சொல்லிவிட்டால் கடைசியில் ஓடிவர வாசல் இருக்காது. "நான் செத்துப்போறன்" என்று அவள் சொன்னால் மிரட்டலாக எடுக்க வேண்டாம். அந்த இரவு தனிய விடாமல், வயலுக்கு வாங்கிய மருந்துகளை வீட்டிலிருந்து அகற்றி, மனநல உதவி இலக்கமான 1926 க்கு அழையுங்கள்.

குடியை நிறுத்தினால் அடியும் நிற்கும் என்று மூன்று தலைமுறையும் ஒரே குரலில் நம்புகிறார்கள். குடிக்குச் சிகிச்சை நல்லது. ஆனால் கசிப்புக் குடித்துவிட்டு வருபவர் வழியில் பொலிஸ்காரரைக் கண்டால் ஒழுங்காக நடக்கத்தான் செய்கிறார். சிகிச்சை ஒரு பக்கம் நடக்கட்டும், கட்டளை மறுபக்கம் இருக்கட்டும். ஒன்றுக்காக மற்றதைக் கைவிடக்கூடாது.

அம்மம்மாவின் ஆட்களும் மகளின் கடதாசியும் சேரும் இடம் ஒன்று உண்டு. வேலிக்கப்பால் சத்தம் கேட்டு விளக்கோடு வந்த சின்னம்மாவின் வேலையை இன்று அயல் வீட்டு அக்கா செய்கிறார். அவர் ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தால், "எங்களுக்குள்ள பேசித் தீர்த்தம்" என்று கணவர் சொல்லும் கதை நிற்காது. ஆகவே சண்டை நடந்த இரவில் ஓடிவந்து நின்றவரின் பெயரை அடுத்த நாளே எழுதி வையுங்கள். சந்தேகம் வராமல் அவரை அழைக்க ஒரு குறிச்சொல்லும் பேசி வையுங்கள், "தயிர்ச்சட்டி அனுப்பட்டா?" என்பது போல யாருக்கும் சாதாரணமாகக் கேட்கும் ஒன்று.

கட்டளை கிடைத்த பிறகு நடக்கும் பிழைகள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. உறுதிப்படுத்திய பிரதி எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இரவில் அவர் படலையை உதைக்கும்போது வரும் பொலிசுக்குக் காட்ட எதுவும் இல்லை. குறைந்தது நான்கு நிழற்பிரதி எடுங்கள்: உங்கள் கைப்பையில் ஒன்று, சகோதரியிடம் ஒன்று, கிராம சேவகரிடம் ஒன்று, சிறுவர் மகளிர் பிரிவில் ஒன்று. பிள்ளைகளைத் தகப்பன் சந்திக்கக் கூடாது என்று கட்டளையில் இருந்தால் பாடசாலை அதிபருக்கும் ஒன்று.

பிறகு பெருநாளோ கோயில் திருவிழாவோ வரும். "பிள்ளைகளைப் பாத்திட்டுப் போறன்" என்று அவர் வாசலில் நிற்பார். இரக்கப்பட்டு உள்ளே எடுத்தால், அடுத்த முறை அவர் அடித்து நீங்கள் மீறல் என்று சொல்லும்போது "அவதானே கூப்பிட்டா" என்பார். பிள்ளைகள் தகப்பனைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் நீதிமன்றத்தில் கேட்டு, இடமும் நேரமும் எழுதி வாங்குங்கள். சேர்ந்து வாழ்வதென்று முடிவெடுத்தாலும் கட்டளையைக் கைவிட அவசரப்பட வேண்டாம். வீட்டுக்கு வரலாம், அடிக்கவும் மிரட்டவும் கூடாது என்று அதை மாற்றித் தரும்படி நீதவானிடம் கேட்க வழியுண்டு. 12 மாதம் முடியப் பொறுத்திருக்காமல், பதினோராம் மாதத்தில் சட்டத்தரணியைக் கண்டு நீடிக்கக் கேளுங்கள். காலாவதியான கட்டளையோடு வருபவர்களுக்கு எல்லாமே மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது: புது மனு, புதுத் திகதி, புது வாக்குமூலம்.